வாய் மூடாத நாரையும் வரித்தலை வாத்தும்

பெண்ணாடம் பக்கத்தில் எங்கள் உழவர் குழு மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வயலில் கூடும். விதை, பூச்சி, தண்ணீர், விலை என்று பேச்சு போகும். போன தை மாதக் கூட்டத்தை வயலில் வைக்காமல், காணும் பொங்கல் அன்று வேன் பிடித்துக் கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். குழுவில் மூத்தவர் ஒருவர், "நம்ம வயல்ல இல்லாத பறவையா? அதுக்கு எதுக்கு டீசல் செலவு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கேட்ட அவரே முதல் ஆளாக வேனில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அந்தக் கேள்விக்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பறவை பார்ப்பது என்றாலே காமிரா தோளில் மாட்டிய பட்டணத்துக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கணக்கு வேலை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ!

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கியோடு இரண்டு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குப் போவார்கள். எந்தக் கட்சி அதிகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வருகிறதோ அதற்கு வெற்றி. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று ஆரம்பித்தார். முதல் வருஷம் 27 பேர், 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. நம் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவை எல்லாவற்றையும் இனம் வாரியாக எண்ணி, 'இ-பேர்ட்' என்ற செயலியில் ஏற்ற வேண்டும். செயலிக்குக் காசு கிடையாது. இடம் ஏரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, உங்கள் களத்துமேடு போதும்.

நாங்கள் கரைவெட்டிக்குப் போனதற்குக் காரணம், அது நமக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய பறவை ஏரி. பெண்ணாடத்திலிருந்து செந்துறை, அரியலூர், கீழப்பழுவூர் வழியாகப் போனோம். விடியுமுன் நாலு மணிக்குக் கிளம்பியும் அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக முடிந்தது. டீ குடித்துவிட்டு ஏரிக்கரையில் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பெரியவர், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர்.

கரைவெட்டி ஏரி ஒரு பாசன ஏரி. நம் ஊர்ப் பக்கத்து வெலிங்டன் ஏரி மாதிரியே மதகும் கரையும் ஆயக்கட்டும் உள்ளது. சுமார் 450 ஹெக்டேர். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது, அதோடு வடகிழக்குப் பருவமழையும் நிரப்புகிறது. 1999இல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971இல் அங்கே கூடி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைக் காக்க நாடுகள் ஒப்பந்தம் போட்டன. நம் கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் 2022லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஏரிப்பாசனத்துக்கு வெட்டிய ஏரி ஒன்று உலகப் பட்டியலில் இருக்கிறது என்றால், அந்தப் பெருமையில் மண் சுமந்து கரை போட்ட அந்தக்கால உழவர்களுக்கும் பங்கு உண்டு.

முதல் அரை மணி நேரம் எல்லாம் பழகிய முகங்கள்தான். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்து. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேலே தாழ்வாகப் பறந்தபோது, மிதந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு வட்டம் அடித்துத் திரும்ப உட்கார்ந்தது. பிள்ளைகள் கை தட்டப் போனார்கள், அடக்கி வைத்தோம்.

அப்போதுதான் எங்களோடு வந்த ஒரு தம்பி, இன்ஜினீயரிங் படித்துவிட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்பி வந்தவர், "சார்! செங்கால் நாரை!" என்று கத்தினார். வேனில் மிச்சம் வைத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். செங்கால் நாரை என்றால் சும்மாவா? சத்திமுத்தப் புலவர் வறுமையில் வாடியபோது தன் மனைவிக்குச் சேதி சொல்லத் தூது விட்ட பறவை. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த பாட்டு. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தில் இந்தியா வரும், ஆனால் தமிழ்நாடு வரை வருவது இப்போது மிக அரிது. ஆளாளுக்கு இருநோக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு, கால் சிவப்பு மாதிரிதான் தெரிந்தது. செல்போனில் ஒருவர் அப்போதே படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் குழுவில் வாத்து வளர்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். எட்டாவது வரைதான் படித்தவர். இருநோக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தம்பி, நடவுக்கு முந்தி சேத்துல நத்தை பொறுக்க வருமே, அதுதாம்ப்பா இது. வாயைப் பாரு, மூடவே இல்ல."

அவர் சொன்னது சரி. அது நத்தைகுத்தி நாரை. அதன் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் இடைவெளி இருக்கும். வாயை மூடினாலும் மூடாத மாதிரி. ஆண்டின் பெரும்பகுதி உடம்பு சாம்பல் பூத்திருக்கும், இனப்பெருக்கக் காலம் வரும்போது வெளுத்துவிடும், காலும் சிவக்கும். அப்போது தூரத்தில் பார்க்கிறவர்கள் செங்கால் நாரை என்று ஏமாறுவது உலகம் முழுக்க நடப்பதுதான். இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி வாலைப் பார்ப்பது. நத்தைகுத்தி நாரைக்கு வால் கறுப்பு, செங்கால் நாரைக்கு வால் வெள்ளை. செங்கால் நாரையின் அலகு நேராக, இடைவெளி இல்லாமல், நல்ல சிவப்பாக இருக்கும். பறவை எழும்பியதும் வாலைப் பார்த்தோம். கறுப்பு.

தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. "நல்லா பாருங்க சார், கால் சிவப்புதானே" என்று இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்தேன். அரிய பறவையைப் பார்த்தேன் என்பதில் ஒரு கிறக்கம் இருக்கிறது, நண்பர்களே. லாட்டரிச் சீட்டில் கடைசி எண் வரைக்கும் ஒத்துப்போகிற மாதிரி. அந்தக் கிறக்கத்தில் கண் எதைப் பார்க்க விரும்புகிறதோ அதைத்தான் பார்க்கும். அதனால்தான் பறவைக் கணக்கில் சரிபார்ப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வங்கியில் ஒருவர் வவுச்சர் எழுதினால் இன்னொருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். அதே போல இ-பேர்ட் செயலியில், ஒரு பகுதியில் வழக்கமாக வராத பறவையை நீங்கள் ஏற்றினால், அது உடனே கொடி காட்டும். படம் இருக்கிறதா, என்ன அடையாளம் பார்த்தீர்கள் என்று கேட்கும். அந்தந்தப் பகுதியின் பறவைகளை நன்றாக அறிந்த தன்னார்வலர்கள் அதைச் சரிபார்த்த பிறகுதான் கணக்கில் ஏறும். கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்மைத் திருடன் என்று சொல்வதில்லை அது, இரண்டாவது கையெழுத்து கேட்கிறது, அவ்வளவுதான்.

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது. மத்திய இந்தியக் காடுகளில் வாழும் காட்டுச் சிறு ஆந்தை என்ற இனம் 1884க்குப் பிறகு யார் கையிலும் சிக்கவில்லை. மைனர்ட்சாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பறவை ஆராய்ச்சியில் பெரிய பெயர் பெற்றவர், 1914இல் குஜராத்தில் ஒன்றைப் பிடித்ததாகப் பதிவு செய்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பதிவை நம்பி அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்தார்கள். பமீலா ராஸ்முசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அருங்காட்சியகத்தில் இருந்த தோலைப் பிரித்து ஆராய்ந்தபோது, அது பழைய சேகரிப்பிலிருந்து திருடி, மறுபடி பஞ்சடைத்து, புதுச் சீட்டு ஒட்டிய பறவை என்று தெரிந்தது. போலி வவுச்சர்! பொய்யான இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, உண்மையான பழைய பதிவுகள் இருந்த இடங்களில் 1997 நவம்பரில் அவரும் இரண்டு நண்பர்களும் தேடினார்கள். மகாராஷ்டிரத்தின் ஷஹாடா பக்கம் ஆந்தை கிடைத்துவிட்டது. 113 வருஷம் கழித்து! ஒரு பொய்ப் பதிவு எத்தனை பேருடைய தேடலைத் திசை திருப்பியிருக்கிறது பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பக்கத்து ஆந்திராவில் ஜெர்டன் கோர்சர் என்ற ஒரு பறவை. நம் ஆள்காட்டி மாதிரி தரையில் ஓடுவது, இரவில் நடமாடுவது. 1900க்குப் பிறகு அதைக் காணவில்லை, அழிந்துபோனது என்றே எழுதிவிட்டார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கடப்பா பக்கம் ஊர் ஊராகப் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. 'கலிவி கோடி' என்று பெயரே வைத்திருந்தார்கள். கலிவி என்றால் தெலுங்கில் களாச் செடி, கோடி என்றால் கோழி. களாப் புதரில் ஒளிகிற கோழி. 1986 ஜனவரியில் அந்த ஊர் மனிதர் ஒருவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பறவைக்காகவே ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் உருவானது. புத்தகத்தில் செத்துப்போன பறவை புதரோரத்தில் ஆடு மேய்த்தவர்கள் பேச்சில் உயிரோடு இருந்திருக்கிறது. எங்கள் வாத்துக்கார அக்கா அன்று சொன்னதும் அந்த வகை அறிவுதான். அவருக்கு நாரையைத் தெரிந்தது புத்தகத்தால் இல்லை, சேற்றில் அதோடு சேர்ந்து நின்றதால்.

நத்தைகுத்தி நாரையைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை. அரிய பறவை இல்லையே என்று எல்லாரும் அதை விட்டுவிட்டுப் போனார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அலகு இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டி மாதிரி நொறுக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. ஓட்டை உடைக்காமலே, கூரான கீழ் அலகு நுனியை உள்ளே செலுத்தி, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, முழுச் சதையையும் உருவி எடுத்துவிடும். நம் நாற்றங்காலிலும் இளம் நடவிலும் நத்தையும் நண்டும் என்ன பாடு படுத்துகின்றன என்று உங்களுக்கே தெரியும். நத்தைக்கு மருந்து போடுகிறவர் காசு கொடுத்துச் செய்கிற வேலையை இது இலவசமாகச் செய்கிறது. சேற்றில் குருணை மருந்து போட்டால் முதலில் சாவதும் இதுதான். குருணை, விதை மாதிரியே இருக்கும். கொக்கும் மடையானும் புறாவும் அதைத் தின்றும், அதைத் தின்ற புழுவைத் தின்றும் வரப்போரம் விழுந்து கிடப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது, கிளம்பலாம் என்று பேச்சு வந்தது. பிள்ளைகளில் ஒருத்தி, ஆறாவது படிப்பவள், "தாத்தா, அந்த வாத்துக்குத் தலையில கோடு போட்டிருக்கு" என்றாள். ஏரியின் நடுவில் மண்திட்டு ஒன்று வெளியே தெரிந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பெரிய வாத்துகள். வெள்ளைத் தலை, பின்மண்டையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு மஞ்சள் கால். வரித்தலை வாத்து!

இந்த முறை யாரும் கத்தவில்லை. இருநோக்கி கைமாறிக்கொண்டே இருந்தது. டீசல் செலவைப் பற்றிக் கேட்ட மூத்தவர் அதை வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. "இது எங்கேயிருந்துங்க வருது?" என்று மட்டும் கேட்டார்.

லடாக், திபெத், மங்கோலியா. அங்கே உயரமான ஏரிக்கரைகளில் கூடு கட்டுகின்றன. குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்குள் வருகின்றன. முதுகில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு தரைமட்டத்தில் இருப்பதில் பாதிகூட இருக்காது. அதன் ரத்தம் பிராணவாயுவை மற்ற வாத்துகளைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ளது, நுரையீரலும் நெஞ்சுத் தசையும் அதற்கேற்றாற்போல அமைந்திருக்கின்றன. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். எண்ணெழுத்து எழுதிய அந்தப் பட்டையைத் தூரத்திலிருந்தே படித்து எழுதி அனுப்பினால், எங்கே மாட்டியது என்று பதில் வரும். உங்கள் ஏரியில் கழுத்திலோ காலிலோ பட்டை போட்ட பறவையைப் பார்த்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறத்தையும் சேர்த்து.

எத்தனை என்று எண்ணினோம். நான் 43 என்றேன், தம்பி 46 என்றார், சிறுமி 41. கேஷ் டேலி ஆகவில்லை. கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்தாக நகர்த்திப் போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நூறு நூறாக. அறுவடைக்கு முன்னால் ஒரு சதுர மீட்டர் வெட்டி மகசூல் கணிக்கிறோமே, அதே மாதிரி. நாற்பது ஐம்பது என்றால் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம், ஆனால் பறவை நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை. திரும்பவும் மூன்று பேரும் எண்ணினோம். மூன்று பேருக்கும் 44. அதைத்தான் ஏற்றினோம்.

இருநோக்கி வாங்க நினைக்கிறவர்களுக்கு: கடையில் 8x42, 10x50 என்று எண் போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று ஆசை வரும். கை நடுங்கினால் அதுவும் பத்து மடங்கு நடுங்கும். அறுபது வயதைத் தாண்டிய கைகளுக்கு 8x42 போதும். குழுவுக்கு ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள். மற்றபடி பளிச்சென்ற சட்டை வேண்டாம், வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம்தான் பறவைக்குப் பொழுது. ஒலிப்பெருக்கியில் குரல் போட்டுப் பறவையைக் கூப்பிடுவது, கூட்டுக்குக் கிட்டே போய்ப் படம் எடுப்பது, கல்லெறிந்து பறக்கவிடுவது எல்லாம் கூடவே கூடாது. அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் பரப்புவதும் அப்படியே. பறவை பார்க்க வருகிறவர் மட்டும் அதைப் படிப்பதில்லை, வலை வைத்திருப்பவரும் படிக்கிறார்.

திரும்பும் வழியில் ஏரிக்குக் கீழே சம்பா நின்ற வயலில் ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தோம். வரித்தலை வாத்து புல்லும் இளம்பயிரும் மேயும் பறவை, கூட்டமாக இறங்கினால் சேதம் உண்டு. அதைக் கேட்டதற்கு, "மேயுங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா வாத்து வர்ற வருஷம்னா ஏரியில தண்ணி இருக்குன்னு அர்த்தம். தண்ணி இல்லாத வருஷம் எனக்கும் சோறு இல்ல, அதுக்கும் இல்ல" என்றார். கோடையில் தண்ணீர் குறையும்போது வயலுக்கு எவ்வளவு, ஏரியில் எவ்வளவு நிறுத்துவது என்பதுதான் இது மாதிரி ஏரிகளில் உண்மையான பிரச்சினை. அதை வனத்துறை மட்டும் தீர்க்க முடியாது, ஆயக்கட்டுக்காரர்களும் சேர்ந்துதான் பேசியாக வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் ஊர்க்காரர்களே இதைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்களைத் தடுக்கச் சொல்லி கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு 1798லேயே உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். காரணம் வெறும் இரக்கம் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் தனியாகப் போட வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வேனில் எல்லாரும் வாத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் அன்றைய பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் ஒரு பெயர் இல்லை. பனங்காடை. போகும்போதும் வரும்போதும் அத்தனை கிலோமீட்டர் மின்கம்பியில் கண் வைத்தும் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. சிறு வயதில் நம் ஊரில் கம்பிக்குக் கம்பி உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தால் மங்கல், பறந்தால் நீலம் பளீரென்று விரியும்.

ஒரு நாள் காணவில்லை என்பதால் முடிவுக்கு வரக் கூடாது. ஆனால் நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்து 2023இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. மயிலும் குயிலும் கூடியிருக்கின்றன, மயில் கூடியது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனங்காடை கணிசமாகக் குறைந்திருக்கிறது, அதன் ஆபத்து நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னது அரிய பறவையைத் துரத்தியவர்களின் படங்கள் இல்லை. காக்கை மூன்று, மைனா ஐந்து, பனங்காடை ஒன்று என்று சலிக்காமல் எழுதியவர்களின் கணக்குதான். பனங்காடை பூஜ்யம் என்று எழுதாமல் விட்டவர்களையும் சேர்த்துத்தான், ஏனென்றால் முழுப் பட்டியல் போட்டால் இல்லாததும் கணக்கில் வந்துவிடும்.

பனங்காடை நம் தொழில் கூட்டாளி. வெட்டுக்கிளி, வண்டு, பிள்ளைப்பூச்சி, சுண்டெலி என்று தரையில் நகர்வதைப் பார்த்து மேலிருந்து இறங்கிப் பிடிக்கும். அதற்கு இரண்டு தேவை. பூச்சி உள்ள நிலம், அதாவது விஷம் போடாத நிலம். அடுத்து, கூடு வைக்கப் பொந்து. தலை போன மொட்டைப் பனையின் பொந்துதான் அதற்கு ரொம்பப் பிடித்த வீடு, பெயரிலேயே பனை இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? காய்க்காத மரம், காய்ந்த மரம் என்று மொட்டைப் பனையைத்தான் முதலில் சாய்க்கிறோம். செங்கல் சூளைக்குப் போகிறது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பச்சை மரத்துக்கே அதை யாரும் நினைப்பதில்லை, மொட்டை மரத்துக்கு யார் கேட்கப்போகிறார்கள்?

வயலில் உடனே செய்யக்கூடியது, பறவைத் தாங்கி. ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பு, மேலே குறுக்கே ஒரு குச்சி. நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாளில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடலாம். கரிச்சான் அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிடும், குருத்துப்பூச்சியின் அந்துகளையும் இலைச்சுருட்டுப் புழுவையும் பிடிக்கும். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பார்க்கும். கதிர் பால் பிடிக்கும் சமயம் மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சில்லையும் கிளியும் அதே குச்சியில் வந்து சாவகாசமாக உட்கார்ந்து நெல்லைக் கொறிக்கும்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் குழு உறுப்பினர்களின் நிலங்களிலும் வரப்புகளிலும் வெள்ளாற்றங்கரை ஓரமும் நிற்கிற மொட்டைப் பனைகளை எண்ணினோம். பதினேழு. செங்கால் நாரை என்று கத்திய தம்பிதான் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்து, செல்போனில் இடம் குறித்து வைத்திருக்கிறார். நிலத்துக்காரர்கள் யாரும் அதை வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரைத் தவிர. அவர் மரம் வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பனங்காடை மார்ச் மாதம் ஜோடி சேர்ந்து ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட ஆரம்பிக்கும், அதற்குள் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும் என்று போய்ப் பார்த்தோம். மூன்றாம் எண் மரத்தில் கிளி. எட்டாம் எண்ணில் மைனா. பதினொன்றாம் எண்ணில், சுடுகாட்டுப் பாதை ஓரம் நிற்கும் மரம் அது, பொந்தின் வாயில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. ஜோடி இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. மீதி மரங்களை வாரம் ஒருமுறை மாலை ஐந்து மணிக்குப் பார்த்துவருகிறோம்.